மூன்று வாரம் காத்திருந்த ஆடு

ஸ்கூவோய் தீவின் மேற்குப் பாறைச் சுவரில், முப்பது ஆள் உயரம் கீழே, சுன்வாவின் ஆடு மாட்டிக்கொண்டது. புல்லைத் தேடித் திட்டுத் திட்டாக இறங்கிவிட்டு, ஏற வழியில்லாமல் நின்று கத்தியது.

தோர்மோட் பாறை உச்சியில் குப்புறப் படுத்து எட்டிப் பார்த்தான். கயிறு இறங்க வேண்டிய விளிம்புகளிலெல்லாம் லோம்விகாப் பறவைகள் தோளோடு தோள் ஒட்டி நின்றன. கூடு கிடையாது, வெறும் பாறையில் ஆளுக்கொரு முட்டை, பலவற்றின் காலடியில் குஞ்சு.

"என்ன பாத்துக்கிட்டே கிடக்க? இறங்கு," என்றாள் சுன்வா. அவனுடைய காலமான அண்ணனின் மனைவி.

"இப்ப முடியாது அண்ணி. குஞ்சுங்க கடல்ல குதிக்க மூணு வாரமாவது ஆகும்."

"உங்க அண்ணன் இருந்தா இந்நேரம் ஆட்டைத் தோள்ல போட்டுக்கிட்டு வந்திருப்பாரு. பயம்னு சொல்லிட்டுப் போயேன்."

பயம்தான். இருபது வருஷத்துக்கு முன்னால் இதே இடத்தில் அவன் கயிறு ஒரு கல்லைப் பெயர்த்தது. பறவைகள் மொத்தமாகக் கிளம்பியதில் முட்டைகள் ஆலங்கட்டி போலக் கடலில் கொட்டின. யாரிடமும் சொல்லாததை இன்று சொன்னான்.

சுன்வாவும் குனிந்து கீழே பார்த்தாள். "அப்ப என் ஆடு பட்டினி கிடக்கட்டுமா?"

"தினம் நான் புல்லு இறக்கறேன்."

தெற்கு ஓரத்தில் பறவை இல்லை. ஆனால் மண் உதிரும், ஆள் இறங்க முடியாது. அங்கிருந்து புல்மூட்டையைக் கயிற்றில் ஆட்டி ஆட்டி விட்டான். பாதி கடலுக்குப் போனது. இரண்டாம் வாரம் சுன்வாவும் வந்து, "இடப்பக்கம்யா, இடப்பக்கம்!" என்று அதட்டினாள்.

ஜூலையில் ஒரு சாயங்காலம் குஞ்சுகள் குதிக்கத் தொடங்கின. ஒன்று மட்டும் விளிம்புக்கு வருவதும் பின்வாங்குவதுமாக இருந்தது. தகப்பன் பறவை கீழே தண்ணீரிலிருந்து கூப்பிட்டது.

"குதிடா ராசா, அப்பன் கூப்பிடறான் பாரு!" சுன்வா தோர்மோட்டின் கையை இறுகப் பிடித்திருந்தாள்.

குதித்தது. பாறையில் மோதி, உருண்டு, தண்ணீரில் விழுந்து, தகப்பனை ஒட்டிக்கொண்டு நீந்தியது. சுன்வா முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

விளிம்புகள் காலியானதும் தோர்மோட் இறங்கினான். கொழுத்துப்போயிருந்த ஆடு அவன் முட்டியில் ஓங்கி உதைத்தது. ஆட்டோடு மேலே ஏறி அவன் நொண்டி வந்ததைப் பார்த்துச் சுன்வா சிரித்தாள்.

"தின்ன கொழுப்பு! உதைக்காம என்ன செய்யும்?"