துரை முக்குளித்த குளம்

மாரியம்மன் திருவிழாவில் முளைப்பாரியை ஆற்றில் கரைப்பதுதான் இலங்கை மலையகத்தில் வட்டவளைக்கு மேலே இருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்தின் வழக்கம். ஐம்பத்தொன்பதாம் வருசம் மழை பிடித்துக்கொண்டது. ஆறோ ஒரு கட்டை, அதாவது ஒரு மைல் தூரம். "சாமிக்கு எந்தத் தண்ணியா இருந்தா என்ன?" என்று முதலில் சொன்னவள் கொழுந்தெடுக்கும் மீனம்மாதான். பெண்கள் தோட்டத்துக் குளத்திலேயே சட்டியோடு போட்டுவிட்டு வந்தார்கள்.

சாமி சும்மா விடுமா? சட்டிகள் உருண்டுபோய் தொழிலாளர் குடியிருந்த லயத்துக்குத் தண்ணீர் வரும் குழாயின் வாயை அடைத்தன. அன்றிலிருந்து மீனம்மா விடிவதற்குள் குடத்தோடு அதே ஆற்றுக்கு நடந்தாள். பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் காலைப் பெரட்டுக்குப் பிந்தினாள். கணக்கப்பிள்ளை முத்துலிங்கம் மூன்று தடவை வேலை இல்லையென்று விரட்டினார். நாலாவது தடவை பிந்தினால் பேரையே வெட்டிவிடுவேன் என்றார்.

தோட்டத்து மேனேஜரான துரைக்கு மனுப் போட்டார்கள். குளத்தை இறைக்க ஆள் இல்லை என்று பதில் வந்தது.

அடுத்த மாதம் துரை லீவில் திருகோணமலைக்குப் போய், கடலுக்கடியில் மீன் பார்க்கும் வித்தையைப் படித்துக்கொண்டு வந்தார். முதுகில் காற்று அடைத்த சிலிண்டர், காலில் ரப்பர் வாத்துப் பாதம், மூஞ்சியில் கண்ணாடி. அடுத்த லீவுக்கு மாலைதீவாம். அதுவரை பழக வேண்டாமா? குளம்தான் இருக்கிறதே. சாமான் தூக்க எட்டு ஆள் உடனே கிடைத்தார்கள்.

மீனம்மா அந்த எட்டுப் பேரையும் எண்ணிப் பார்த்தாள். பிறகு குளக்கரையில் நின்ற கணக்கப்பிள்ளையிடம் பவ்வியமாகப் போனாள்.

"ஐயா, கொழா வாய்க்கிட்ட கண்டி ராசா காலத்துப் பானைங்க கெடக்காம். தொரைகிட்ட சொல்லுங்க."

முத்துலிங்கம் அதைத் தாமே கண்டுபிடித்தது போலச் சொன்னார். துரை முங்கினார். சட்டிகள் ஒவ்வொன்றாகக் கரையேறின. ஏழாவது சட்டி வந்ததும் லயத்துப் பீலியில் தண்ணீர் கொட்டியது. மீனம்மா சந்தோஷத்தில் அழுதே விட்டாள். ராசா காலத்துச் சட்டிகள் பங்களாவின் கண்ணாடி அலமாரிக்குப் போயின. நடுவில் இருந்தது அவள் முளைப்பாரிக்குச் சுண்ணாம்புக் கோடு போட்ட சட்டி.

மூன்றாம் நாள் விடியற்காலையில் பீலி வறண்டு கிடந்தது. முத்துலிங்கம் குழாயை மூடிப் பூட்டிவிட்டுச் சாவியோடு வந்தார்.

"கொளம் வத்துதாம். முங்குறதுக்கு ஆழம் பத்தலையாம். தொரை மாலைதீவு போற வரைக்கும் தண்ணி கெடையாது."

"எப்பங்க போவாரு?"

"அடுத்த வருசம். நீ பெரட்டுக்குப் பிந்தாத."

மீனம்மா குடத்தை எடுத்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போனாள். ஆற்றை எட்டுவதற்குள் பெரட்டுக்குக் கூப்பிடும் தப்பு மேளத்தை அடித்துவிட்டார்கள். இது நாலாவது தடவை.