குப்பிலமான நாய்

மறுநாள் ஆங்கிலப் பரீட்சை. ‘குயிக்’ வர வேண்டிய இடத்தில் ‘குயிக்லி’ என்று என் மூத்த மகள் அக்ஷதா மறுபடியும் மாற்றி எழுதியிருந்தாள். எது அட்ஜெக்டிவ், எது அட்வெர்ப் என்று கத்திக் கத்தி எனக்குத் தொண்டை வறண்டுவிட்டது.

“நாக்கு அர்த்தம் காலேதும்மா,” தனக்குப் புரியவில்லை என்று புத்தகத்தைத் தள்ளினாள். எங்கள் குகட்பள்ளி வீட்டில் நான் தமிழில் கேட்டால் அவள் தெலுங்கில்தான் பதில் சொல்வாள்.

அவள் தங்கை மிதுனாவுக்கு இன்னும் மூன்று வயது ஆகவில்லை. பால்கனிக் கம்பியைப் பிடித்துத் தெருவைப் பார்த்தவள், “குப்பிலமான நாய்,” என்றாள்.

“குப்பிலம்னா என்னடி?”

சிரித்தாள். நாய் ஓடத் தொடங்கியது.

“குப்பிலமா ஓடுது.”

பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். எனக்குத் தெரிந்த எந்த மொழியிலும் அப்படி ஒரு சொல் கிடையாது. அவளே அப்போது உண்டாக்கியது. ஆனாலும் நாய்க்கு ‘ஆன’, ஓட்டத்துக்கு ‘ஆ’ என்று யாரும் சொல்லித்தராமலே சரியாகப் பொருத்திவிட்டாள்.

அக்ஷதா எழுந்துபோய்த் தங்கையின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“இன்னொண்ணு சொல்லு,” என்றாள், தமிழில்.