இரண்டாவது கர்சர்

1

இந்தக் கதை எனக்கு ஓர் ஒற்றை நட்சத்திரத்திலிருந்து கிடைத்தது. வீட்டுக் கணினிக்கு எந்த ஆபீஸ் மென்பொருள் நல்லது என்று தெரிந்துகொள்ள, பயனர்கள் எழுதிய கருத்துகளை இணையத்தில் படித்துக்கொண்டிருந்தேன். "நன்று." "வருடா வருடம் பணம் கேட்கிறான்." "இலவசமாகக் கிடைப்பதே போதும், எதற்கு வாங்குகிறீர்கள்?" இப்படியே போய்க்கொண்டிருந்த வரிசையின் நடுவில், ஐந்துக்கு ஒரே ஒரு நட்சத்திரம் கொடுத்து யாரோ இரண்டு வரி எழுதியிருந்தார்கள்:

"வீட்டில் நான் மட்டும்தான் இருந்தேன். நான் எழுதிக்கொண்டிருந்த பக்கத்தில் வேறு யாரோ தட்டச்சு செய்தார்கள்."

பெயர் இல்லை. ஊர் என்ற இடத்தில் நெய்வேலி என்று இருந்தது. நான் அதற்குமேல் எந்தக் கருத்தையும் படிக்கவில்லை. இது எப்படி நடக்கும் என்ற கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. ஒரு பொருள் எப்படி வேலை செய்கிறது என்று தெரியாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. கதை எழுதுவதும் அதனால்தான்.

2

முதலில் எழுதிய தொடக்கம்:

நிலக்கரிச் சுரங்கத்தின் ராட்சத இயந்திரங்கள் மண்ணை வாரிக்கொண்டிருந்த அந்தப் பிற்பகலில் கிருஷ்ணப்ரியா—

(வேண்டாம். நெய்வேலி என்றதும் அந்த இயந்திரத்தை இழுத்து வந்து நிறுத்திவிடுகிறோம். அவள் குவார்ட்டர்ஸுக்குள் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறாள். அங்கே இயந்திரம் தெரியாது.)

அடுத்த தொடக்கம்:

கிருஷ்ணப்ரியாவுக்குப் பேய்களில் நம்பிக்கை கிடையாது. ஆனால்—

(இந்த 'ஆனால்' வந்த உடனே உங்களுக்கு எல்லாம் தெரிந்துபோகும்.)

ஆகவே நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன். அதாவது, நடந்திருக்கும் என்று நான் நினைக்கிறபடி.

3

கிருஷ்ணப்ரியா குறிஞ்சிப்பாடியில் ஒரு தனியார் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். அன்று அவளுக்கு விடுமுறை. கணவன் அசோக்குமார் காலை ஷிஃப்டுக்காக மைன்ஸுக்குப் போயிருந்தான். இரண்டாம் வகுப்புப் படிக்கும் மகள் ஹரிணி பள்ளியில் இருந்தாள். வீட்டில் வேறு யாரும் இல்லை.

அவள் எழுதிக்கொண்டிருந்தது ஒரு கருத்துத் தொகுப்பு. அவர்கள் குடியிருக்கும் பிளாக்கில் மாடிப்படியைச் சுற்றியுள்ள நான்கு வீடுகள் சேர்ந்து ஓர் ஆபீஸ் மென்பொருளுக்கு ஆண்டுச் சந்தா கட்டியிருந்தார்கள். ஆண்டு முடியப் போகிறது. தொடரலாமா, இலவச மென்பொருளுக்கு மாறலாமா? வீடு வீடாகக் கேட்டு எழுதும் வேலை, வேகமாகத் தட்டச்சு செய்வாள் என்பதால் அவள் தலையில் விழுந்தது. ஒவ்வொருவர் சொன்னதையும் எழுதி, பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் தன் மனத்தில் பட்டதையும் எழுதியிருந்தாள். பிறகு அழித்துவிட்டு, மற்றதை மட்டும் எல்லோருக்கும் அனுப்பலாம் என்று நினைத்திருந்தாள்.

ராஜ்மோகன், கீழ் வீடு, தனி ஆள்: "ரொம்ப அறிவுள்ள சாஃப்ட்வேர்ங்க. என் கல்யாண பயோடேட்டால பொழுதுபோக்கு தூக்கம்னு போட்டிருந்தேன். மறுநாள் பாக்குறேன், அதுவே தோட்டக்கலைனு திருத்தி வச்சிருக்கு." (ஆளுக்கு ரொம்பத்தான் கற்பனை.)

அறிவழகன், பக்கத்து வீடு: "நல்லாத்தான் இருக்குதுங்க. எல்லாம் ஒரே எடத்துல கெடக்குது. ஆபீஸ் மாரியே." (எது ஒரே இடத்தில்? புரியவில்லை.)

பார்வதி அக்கா, எதிர் வீடு: "எனக்கு இது இல்லாம பொழுதே போகாதுட்டி." (இவருக்கு எதற்கு இது? திறக்கவே தெரியாது. ஹரிணியைப் பார்த்துக்கொள்கிறாரே என்று எதைச் சொன்னாலும் தலையாட்ட வேண்டியிருக்கிறது.)

இங்கே நிறுத்தி ஒன்றைச் சொல்ல வேண்டும். பள்ளி விட்டதும் ஹரிணி நேராகப் பார்வதி அக்கா வீட்டுக்குத்தான் போவாள். கிருஷ்ணப்ரியா பஸ் பிடித்து வந்து சேரும்வரை அவளுக்குத் தோசை, வீட்டுப்பாடம், சண்டை எல்லாம் அங்கேதான். அந்த வீட்டுக் கதவு மூடினால் கிருஷ்ணப்ரியாவின் வேலை போகும். அதைவிட, ஊரை விட்டு இத்தனை தூரம் வந்த பிறகு அவளுக்குக் கிடைத்த ஒரே அக்கா போய்விடுவாள்.

அந்தக் கடைசி அடைப்புக்குறியை எழுதி முடித்து அவள் தண்ணீர் குடிக்கப் போனாள். திரும்பி வந்தபோது திரையில் இரண்டு கர்சர்கள் இருந்தன.

4

(கர்சர் என்பது, அடுத்த எழுத்து எங்கே விழும் என்று காட்டுகிற துடிக்கும் கோடு. ஒருவர் எழுதினால் ஒரு கோடுதான் இருக்கும். ஒரே பக்கத்தை இரண்டு பேர் இரண்டு கணினிகளில் திறந்தால், மற்றவரின் கோடு வேறு நிறத்தில் தெரியும். அதன் தலையில் ஒரு சின்னக் கொடி போல, அவர் எந்தக் கணக்கில் நுழைந்தாரோ அந்தப் பெயர் நிற்கும். எனக்கு இந்தக் கொடி ரொம்பப் பிடிக்கும். கிருஷ்ணப்ரியா அதை அதுவரை பார்த்ததே இல்லை.)

கொடியில் அசோக்குமார் என்று இருந்தது.

அது பார்வதி அக்காவைப் பற்றிய அடைப்புக்குறியின் மேல் நின்றது. முதல் சொல்லிலிருந்து மெதுவாக, யாரோ விரல் வைத்துப் படிப்பது போல, கடைசிச் சொல்வரைக்கும் நகர்ந்தது.

கிருஷ்ணப்ரியா மவுஸிலிருந்து கையை எடுத்தாள். அது நகர்ந்தது. விசைப்பலகையின் ஒயரையே பிடுங்கிப் பார்த்தாள். அப்போதும் நகர்ந்தது. ஒயரை மறுபடி செருகி, என்ன செய்கிறோம் என்று யோசிக்காமல் அந்த அடைப்புக்குறி முழுவதையும் அழித்தாள்.

இரண்டாவது கர்சர் கொஞ்ச நேரம் அசையவில்லை. பிறகு, அழிந்த இடத்தில் அவள் எழுதியிருந்த அதே வரிகளை எழுத்தெழுத்தாகத் திரும்ப எழுதியது. ஒரு சொல்கூடத் தப்பவில்லை. கீழே இன்னொரு வரி சேர்ந்தது:

அழிக்காத. படிச்சாச்சு.

அவள் போனை எடுத்தாள்.

5

போனில் அசோக்குமார் கிடைத்தபோது பின்னால் கன்வேயர் பெல்ட் ஓடும் இரைச்சல்.

"என்னங்க, நீங்க எங்க இருக்கீங்க?"

"எங்க இருப்பேன், மைன்ஸ்லதான். ஏன், பாப்பாவுக்கு என்ன?"

"சிஸ்டத்துல உங்க பேர்ல யாரோ எழுதுறாங்க!"

"என் பேர்லயா? பாஸ்வேர்டு போயிடுச்சா? நான் யாருக்குமே குடுக்கலையே ப்ரியா!" அவன் சத்தியம் செய்யும் குரலில் கத்தினான். "நம்ம மூணு வீட்டுக்குத் தவிர யாருக்குமே குடுக்கல!"

கிருஷ்ணப்ரியா நாற்காலியில் உட்கார்ந்தாள். அவள் உட்கார்ந்திருக்கும்போதே நான் விளக்கிவிடுகிறேன்.

ஒரு சந்தாவைப் பல வீடுகள் பயன்படுத்தலாம் என்றால், ஒவ்வொருவரும் தனித்தனிக் கணக்கு வைத்துக்கொண்டு அந்தச் சந்தாவில் உறுப்பினராகச் சேர வேண்டும் என்று பொருள். அப்போது சந்தா பொதுவாக இருக்கும், கோப்புகள் அவரவருடையதாக இருக்கும். அசோக்குமார் அப்படிச் செய்யவில்லை. ஒரே செய்தித்தாள் நான்கு வீடு சுற்றி வருகிற பிளாக் அது. அவன் தன் கணக்கையே நான்கு வீட்டுக் கணினிகளிலும் போட்டு, தன் பாஸ்வேர்டையே அடித்துக் கொடுத்துவிட்டு, எல்லா வீட்டிலும் காபி குடித்துவிட்டு வந்தான்.

அந்த மென்பொருளோ, நீங்கள் எழுதுவதை உங்கள் கணினியில் வைப்பதில்லை. எந்தக் கணக்கில் நுழைந்தீர்களோ அந்தக் கணக்கின் இணையக் கிடங்கில் வைக்கிறது. ஆகவே நான்கு வீட்டு எழுத்தும் ஓராண்டாக ஒரே கிடங்கில் போய் விழுந்துகொண்டிருந்தது.

(இது கிருஷ்ணப்ரியாவுக்கு எப்படித் தெரியாமல் போனது என்று கேட்பீர்கள். நானும் இந்த இடத்தில் மாட்டிக்கொண்டு இரண்டு நாள் கதையை மூடி வைத்தேன். பிறகு கிடைத்தது: அசோக்குமார் அவள் வசதிக்காக 'ப்ரியா' என்று அவள் கோப்புகளுக்கு மட்டும் ஒரு ஃபோல்டர் செய்து, அதைத் திரையின் முகப்பிலேயே வைத்துக் கொடுத்திருந்தான். அவள் அதை மட்டுமே திறப்பாள். நல்ல கணவன். அதுதான் கோளாறு.)

6

இந்தக் கொடியின் பின்னால் யார் என்பதில் எனக்குத் தயக்கம் இருந்தது. ஒரு வரைவில் அறிவழகனை உட்கார வைத்துப் பார்த்தேன். அவர் படித்திருந்தால் சிரித்துவிட்டுப் போவார், கிருஷ்ணப்ரியா பிழைத்துவிடுவாள். ஆனால் அந்த வரியை எழுத்தெழுத்தாகத் திரும்ப எழுதுகிற அளவுக்கு அது யாரைச் சுட்டிருக்கும்? என்னால் வேறு பெயர் போட முடியவில்லை.

பார்வதி அக்கா வீட்டுக் கதவு திறந்தே இருந்தது. கணினித் திரைக்குப் போடும் தூசி உறை மடித்து வைக்கப்பட்டிருந்தது.

"அக்கா..."

"வா. பேனப் போட்டுக்க, வேர்க்குது ஒனக்கு."

"அது நான் சும்மா எழுதினதுங்கக்கா."

"சும்மாவா? நாலு வரிய ஒரு பெழ இல்லாமல்லா எழுதியிருக்க."

"எத்தன நாளா எங்களோடத எல்லாம் படிக்கிறீங்க?"

"மொதல்ல இருந்தே. என்னட்டி, நான் என்னமோ ஒளிஞ்சு நின்னு பாத்த மாதிரி கேக்க? தெறந்தா எல்லா வீட்டுதும் வரிசையால்லா நிக்கி. ஆபீஸ் விட்டு வந்த ஒங்க மாமாட்ட கேட்டேன். ஆபீஸ்ல செக்ஷன் ஃபோல்டர் அப்படித்தான் இருக்கும், எல்லாருக்கும் பொது, யாரும் பாக்கலாம் யாரும் திருத்தலாம்னாரு. இது ஆபீஸ் சாஃப்ட்வேர்தானட்டி? நீயும் எங்களோடதப் படிப்பன்னுல்லா நெனச்சேன்."

"அப்ப ராஜ்மோகன் பயோடேட்டா?"

"பொழுதுபோக்கு தூக்கம்னு போட்டா எவன் பொண்ணு குடுப்பான்?"

பேச்சுச் சத்தம் கேட்டு மாடிப்படிக்கு வந்த அறிவழகன், வாசலில் நின்றபடியே சேர்ந்துகொண்டார்.

"நானுந்தாம்மா படிச்சிகினு இருந்தேன். ஒங்க வூட்டுக்காரரு ஷிஃப்டு மாத்தச் சொல்லி எழுதினாரே, அதுல நாந்தான் ரெண்டு வரி சேத்துவுட்டேன். தேங்க்ஸ்கூட சொல்லலியேன்னு நெனச்சிகினேன்."

தன் வீட்டுச் சுவர்கள் எல்லாம் ஓராண்டாகக் கண்ணாடியில் இருந்தன என்பதைவிட, அதைத் தவறென்று இவர்கள் நினைக்கவே இல்லை என்பதுதான் அவளைத் தூக்கிப் போட்டது. அவர்கள் எல்லோரும் சுரங்க நிறுவனத்தின் ஆட்கள், அல்லது அந்த ஆட்களோடு வாழ்கிறவர்கள். பொதுக் கோப்பறை அவர்களுக்குத் தண்ணீர்த் தொட்டி மாதிரி. வெளியே வேலை பார்க்கிறவள் அவள் ஒருத்திதான்.

அறிவழகன் போன பிறகு பார்வதி அக்கா எழுந்து நின்றார். கோபமாக இருந்திருந்தால் கிருஷ்ணப்ரியா தாங்கியிருப்பாள். குரல் சாதாரணமாக இருந்தது.

"பாப்பா வழக்கம்போல வரட்டும். அவ என்ன செஞ்சா? கூட்டிட்டுப் போக அசோக்க அனுப்பு. தலையாட்டுறதுக்குன்னு நீ வர வேண்டாம்."

7

மற்ற வீட்டுக் கோப்புகளைச் சாஃப்ட்வேரே தந்த மாதிரிகள் என்று நினைத்திருந்த ராஜ்மோகன், உண்மை தெரிந்த மாலையில் படியில் உட்கார்ந்துவிட்டார். "அப்ப திருத்துனது சாஃப்ட்வேர் இல்லையா?" என்று கேட்டார். பிறகு முகம் வெளுத்து, "அப்ப நான் எழுதி வச்ச கவிதை?" என்றார். அறிவழகன் ஆறுதலாக, "நல்லாத்தான் இருந்துச்சு" என்றார்.

சந்தாவைத் தொடர்வதா என்ற கேள்விக்கு மூன்று வீடுகள் தொடரலாம் என்றன. கிருஷ்ணப்ரியா இணையத்தில் போய் ஒற்றை நட்சத்திரம் கொடுத்து இரண்டு வரி எழுதினாள்.

அந்த வாரம் அசோக்குமார்தான் மகளைக் கூட்டி வந்தான். கிருஷ்ணப்ரியா தன் வாசலில் நின்று, நான்கடி தள்ளியிருக்கும் எதிர்க் கதவு திறந்து மூடுவதைப் பார்த்தாள். "ஏம்மா நீ வரல?" என்று ஹரிணி கேட்டபோது, "அப்பா வர்றாரில்ல" என்றாள். ஆனால் அடுத்த வாரம் அவனுக்கு இரண்டாவது ஷிஃப்ட். மதியம் போனால் இரவுதான் வருவான். அப்போது அந்தக் கதவைத் தட்ட அவளைத் தவிர ஆள் இல்லை.

8

முடிவுக்கு வருகிறேன்.

ஒரு முடிவு: அக்கா கதவைத் திறந்து, "உள்ள வாட்டி, காபி ஆறுது" என்கிறார். (எழுதிப் பார்த்தேன். அந்த வரியைத் திரும்ப எழுதிய விரல்கள் அவ்வளவு சுலபமாகக் காபி போடாது.)

இன்னொன்று: எல்லோரும் தனித்தனி இலவச மென்பொருளுக்கு மாறுகிறார்கள். ரகசியம் பத்திரம். யாரும் யாரையும் திருத்துவதில்லை. கிருஷ்ணப்ரியா வேலையை விட்டுவிட்டு மதியத்தில் மகளுக்காகக் காத்திருக்கிறாள், எதிர்க் கதவு— (போதும்.)

மூன்றாவதாக ஒன்றை எழுதத் தொடங்கினேன்: ஞாயிற்றுக்கிழமை மதியம் அவள் அந்தக் கோப்பை மறுபடி திறந்தபோது, தன் அடைப்புக்குறி அப்படியே இருந்தது, அதன் கீழ் 'அழிக்காத. படிச்சாச்சு.' இருந்தது, அதற்கும் கீழே அவள்

அவள் என்ன எழுதினாள் என்று எனக்குத் தெரியவில்லை. மன்னிப்பு என்ற சொல்லைப் போட்டால் அது இன்னொரு தலையாட்டலாகத் தெரிகிறது. விளக்கம் எழுதினால் சாக்காகத் தெரிகிறது. அந்த வரியை நீங்கள்தான் எழுத வேண்டும். நீங்களும் உங்கள் வாழ்க்கையில் யாரையாவது பற்றி ஓர் அடைப்புக்குறி எழுதியிருப்பீர்கள்.

ஒரு சிக்கல் மட்டும் இருக்கிறது. கணக்குகளைப் பிரிக்காமல் விட முடியாது. ராஜ்மோகனின் கவிதைக்காகவாவது பிரிக்க வேண்டும். பிரித்துவிட்டால் நீங்கள் எழுதுகிற வரியைப் பார்வதி அக்காவால் படிக்க முடியாது. இரண்டுக்கும் சேர்த்து வேலை செய்கிற வழி இது. நானே செய்து பார்த்துவிட்டேன்.

அசோக்குமாரின் பாஸ்வேர்டை மாற்ற வேண்டும். எல்லாக் கணினிகளிலிருந்தும் அந்தக் கணக்கை வெளியேற்ற வேண்டும். மற்ற மூன்று வீடுகளுக்கும் கிருஷ்ணப்ரியாவுக்கும் சொந்தக் கணக்கு தொடங்கி, சந்தாவில் உறுப்பினராகச் சேர்க்க வேண்டும். அவரவர் கோப்புகளை அவரவர் கிடங்குக்கு மாற்ற வேண்டும். பிறகு கிருஷ்ணப்ரியா தன் கணக்கிலிருந்து அந்த ஒரு கோப்பை மட்டும் திறந்து, 'பகிர்' என்பதை அழுத்தி, பார்வதி அக்காவின் முகவரியை இட வேண்டும். 'பார்க்க மட்டும்' என்றும் 'திருத்தலாம்' என்றும் இரண்டு இருக்கும். 'திருத்தலாம்' என்பதைத் தேர்ந்தெடுத்து அனுப்ப வேண்டும்.