பத்து லட்சத்து ஒன்று

என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் கணக்கால்தான் எழுந்து போனார்கள் என்று சிங்கப்பூரில் எங்கள் பஃபலோ ரோடு முழுக்கப் பேச்சு. கணக்கின் மேல் எதற்குப் பழி? அது ஒரு தப்பும் செய்யவில்லை.

மாப்பிள்ளை பாலகிருஷ்ணனுக்கு செம்பவாங் கடற்படைத் தளத்தில் பிளான் வரையும் வேலை. எனக்கு அவரைப் பிடித்திருந்தது. கல்யாணத்துக்குப் பிறகும் நான் பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் எடுக்கலாம் என்று சொன்ன முதல் ஆள் அவர்தான். அதனால்தான் அம்மா கொடுத்த பட்டுப்புடவையை முணுமுணுக்காமல் கட்டிக்கொண்டேன்.

அவருடைய அப்பா மருதப்பன் கோயில் விழாக் குழுத் தலைவர். கேசரியை முடித்துவிட்டு ஒரு நோட்டீஸை எடுத்து நீட்டினார். ஊர் கூடிப் பத்து லட்சத்து ஒரு முறை அர்ச்சனை செய்யப் போகிறார்களாம். அது முடிகிற அன்று எங்கள் கல்யாணமாம். எண்ணுக்குக் கீழே கொட்டை எழுத்தில் ‘யாராலும் பிரிக்க முடியாத எண்’ என்று போட்டிருந்தது.

“மொய்யில ஏன் நூத்தியொண்ணு வைக்கிறோம்? நூறு பிரியும், நூத்தியொண்ணு பிரியாது. இதுவும் அப்படித்தான். பத்தொம்பது வரைக்கும் வகுத்துப் பாத்துட்டேன், எதுலயும் மீதியில்லாமப் போகல. நீ கணக்கு டீச்சர்லா, சொல்லும்மா, சரிதானே?”

கேட்டது அவர். கேட்காமல் இருந்திருந்தால் நான் வாயே திறந்திருக்க மாட்டேன்.

“இல்லங்க. அந்த நூத்தியொண்ணாலயே இது வகுபடும்” என்றேன். “நூறை மூணு தடவை பெருக்கினா பத்து லட்சம். எந்த எண்ணை அப்படி மூணு தடவை பெருக்கி ஒண்ணு கூட்டினாலும், அந்த எண்ணோட ஒண்ணு கூட்டினது அதை வகுத்துடும். ரெண்டை எடுத்துக்குங்க. எட்டும் ஒண்ணும் ஒம்பது, மூணால போகுது. இங்க நூத்தியொண்ணு. ஈவு ஒம்பதாயிரத்துத் தொள்ளாயிரத்து ஒண்ணு.”

இதைவிடப் பணிவாக ஒரு கணக்கை யாரும் சொல்லியிருக்க முடியாது. மருதப்பன் முகம் கறுத்துவிட்டது.

“வீட்டுக்கு வர்றதுக்கு முன்னயே என்னை முட்டாளாக்குறா” என்று எழுந்தார். பாலகிருஷ்ணன் தரையைப் பார்த்தபடி அவர் பின்னால் படியிறங்கினார்.

அன்றிலிருந்து வீட்டில் எனக்குத்தான் அர்ச்சனை. தலையை ஆட்டியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும் என்று அம்மா. கணக்குத் தப்பாகிவிட்டது என்று ஒரு வார்த்தை சொல்லிவிடு, நான் பேசி முடித்துவிடுகிறேன் என்று அப்பா. தப்பு விடைக்கு வகுப்பில் பிள்ளைகளின் மார்க்கைக் குறைக்கிறேன். ஒரு பெரிய மனுஷன் வாயிலிருந்து வந்தால் மட்டும் அது சரியாகிவிடுமா? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்த வாரக் கடைசியில் பாலகிருஷ்ணன் பள்ளிக்கூட வாசலில் நின்றார். அவரைப் பார்த்ததும் எனக்கு நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது. இவராவது உட்கார்ந்து வகுத்துப் பார்த்திருப்பார் என்று நினைத்தேன்.

“நீங்க சொன்னது சரிதான்” என்றார். “நோட்டீஸ் அச்சுக்குப் போகும்போதே நான் வகுத்துப் பாத்துட்டேன்.”

“பாத்துட்டு?”

“அப்பாகிட்ட சொல்லல. சொன்னா வீட்ல சண்டைதான்லா. நீங்களும் தப்பாப் போட்டுட்டேன்னு சொல்லிடுங்க. அப்பா சமாதானமாயிடுவாரு. நமக்கு ரெண்டு பேருக்கும் உண்மை தெரியும், அது போதாதா?”

“கல்யாணத்துக்கு அப்புறம் நான் வேலைக்குப் போகக் கூடாதுன்னு உங்கப்பா சொன்னா?”

அவர் பஸ் வருகிறதா என்று பார்த்தார்.

வீட்டுக்கு வந்து இந்த இடம் வேண்டாம் என்று நானே சொல்லிவிட்டேன். அம்மா அழுதாள். மருதப்பனை எனக்குப் புரிகிறது. அவருக்குத் தெரியாது, தெரியாததைச் சத்தமாகச் சொன்னார், அவ்வளவுதான். அவர் மகன் வகுத்துப் பார்த்திருந்தார். அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.