நாலடி வீடு

காரைக்கால் ஒப்பந்தக்காரர் தமிழ்வேந்தன் வீட்டின் மேற்கூரை முதன்முறையாக இறங்கியது ஆடி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்தரை மணிக்கு. இறங்கிய அளவு இரண்டு மில்லிமீட்டர். சுவரில் விரிசலில்லை, பெயிண்ட் உதிரவில்லை. மறுநாள் அதே நேரத்தில் அதே அளவு இறங்கியது. வெள்ளிக்கிழமை கதவுகள் இடித்தன. மனைவி செல்லம் தச்சரை வரவழைத்து மேல்விளிம்பை இழைத்துக்கொண்டார்.

அந்தப் பத்தரை மணிக்கு ஊரின் மறுகோடியில், கட்டுமானப் பொருள் சோதனைக்கூடத்தில், தையல்நாயகி ஹைட்ராலிக் எந்திரத்தின் இரண்டு இரும்புத் தட்டுகளுக்கு நடுவே உடைந்த கான்கிரீட் துண்டொன்றை வைத்து வால்வைத் திருகினாள். பம்பு தொட்டியிலிருந்து எண்ணெயை உறிஞ்சி உருளைக்குள் தள்ளியது. பிஸ்டன் எழும்பியது. நான்கு தூண்களின் உச்சியிலிருந்த குறுக்குச்சட்டம் அசையாமல் தாங்கியது. டயலில் முள் ஏறியது. துண்டு உடையவில்லை.

அது வரிச்சிக்குடி பேருந்து நிறுத்தத்தின் கூரைத் துண்டு. காற்றே இல்லாத ஒரு மதியம் அந்தக் கூரை விழுந்தது. கீழே கல்லூரிப் பேருந்துக்காக நின்றிருந்தவள் தையல்நாயகியின் ஒரே மகள் நிலா. கட்டியவர் தமிழ்வேந்தன். சோதனைக்கென்று அவர் தனியாக நல்ல கலவையில் கான்கிரீட் கியூப் கட்டிகளை வார்த்து அனுப்பியிருந்தார். அவற்றை இதே எந்திரத்தில் நசுக்கி, தரமானவை என்று கையெழுத்திட்டவள் தையல்நாயகி. வழக்கில் அந்தக் காகிதத்தைத்தான் அவருடைய வக்கீல் நீட்டினார். தமிழ்வேந்தன் விடுதலையானார். அன்று வீட்டுக்குப் போகும் வழியில் அவள் இடிபாட்டுக் குவியலிலிருந்து ஒரு துண்டைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டாள்.

ஞாயிறும் விடுமுறையும் நீங்கலாக மூன்று ஆண்டுகள் அவள் வால்வைத் திருகினாள். தமிழ்வேந்தன் மின்விசிறியைக் கழற்றினார், பிறகு பீரோவைப் படுக்கப்போட்டார். கீழவாஞ்சூரில் ரிஃபாய் என்பவர் வீட்டுக்கு வாடகைக்குப் போனார். அங்கும் மறுநாள் பத்தரைக்குக் கூரை இறங்கவே, ரிஃபாய் மரியாதையாகக் காலிசெய்யச் சொல்லிவிட்டார். திரும்பி வந்தபோது சொந்த வீடு நாலடிக்கு வந்திருந்தது. வெட்டவெளியிலும் அவருக்கு முதுகு நிமிரவில்லை.

யார் சொல்லியோ, அப்படியே வளைந்து சோதனைக்கூடத்துக்கு வந்தார். எந்திரத்தையும் துண்டையும் பார்த்தார்.

“ஒரேயடியா உடைச்சிருங்கம்மா. நா செத்துப்போறேன்.”

“உடைச்சா முடிஞ்சிருமேங்க” என்றாள் தையல்நாயகி. “இதே கலவைய வேற எங்கெங்க போட்டீங்க?”

ஒவ்வொன்றாகச் சொன்னார். கோட்டுச்சேரிமேட்டில் ஒரு அங்கன்வாடி, இரண்டு தண்ணீர்த்தொட்டி, ஒரு பள்ளி மாடிப்படி. அவள் எழுதி அவரிடமே கையெழுத்து வாங்கி அதிகாரிகளுக்கு அனுப்பினாள். ஒரு மாதத்துக்குள் நான்கும் இடிக்கப்பட்டன. அங்கன்வாடியின் தூண் கடப்பாரையின் முதல் குத்திலேயே மாவாக உதிர்ந்தது. அதைப் போய்ப் பார்த்துவிட்டு வந்த அன்று அவள் வால்வைத் திறந்துவிட்டாள். எண்ணெய் குழாய் வழியே தொட்டிக்கு இறங்கியது.

வாசலில் காத்திருந்த தமிழ்வேந்தன், இனி கூரை ஏறுமா என்று கேட்டார்.

“எண்ணெய் திரும்பிரும்ங்க. நசுங்குனது திரும்பாது.”

கூரை நாலடியிலேயே நின்றுவிட்டது. செல்லம் கட்டில்களின் காலை அறுத்துக்கொண்டார். மீட்டர் பார்க்க வருபவர் செருப்பைக் கழற்றிவிட்டுத் தவழ்ந்துபோய் அளவைக் குறித்துக்கொள்கிறார். தெருவில் புதிதாகக் குடிவருகிறவர்களும் இரண்டு நாள்தான் நின்று பார்க்கிறார்கள்.