மூலை மடங்கிய புத்தகங்கள்

விடிவதற்கு முன்பே கடையில் பாதியைக் காலி செய்திருந்தாள் நெவேனா. அட்டைப்பெட்டியின் விளிம்பு விரலை அறுத்திருந்தது. ஒட்டுநாடாவின் பசை அந்த வெட்டில் ஏறி எரிந்தது. புத்தகம் நிறைந்த பெட்டி சும்மா இல்லை, இடுப்பை ஒடித்துவிடும். பல்கேரியாவின் ப்ளோவ்திவ் நகரத்துக் கல் பாவிய தெருவில் பனி உறைந்து வழுக்கியது. கூட்டாளி மித்கோ தள்ளுவண்டியை இறுக்கிப் பிடிக்க, மூச்சு வாங்க ஏற்றிக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கு அந்தாளு புத்தகமே தரமாட்டேன்னுட்டா என்ன பண்ணுவே?" என்றான் மித்கோ.

"தராட்டிப் போகட்டும். தந்துதானே கொல்றான்! இன்னிக்கு அவன் வயிறு எரியணும். அதை நான் கண்ணால பாக்கணும். அந்தப் பென்ச்சோ மூஞ்சியையும் பாக்கணும்."

பழைய முதலாளி கைவிட்ட கடையை, அங்கே வேலை பார்த்த இவர்கள் இருவரும்தான் தூக்கி நிறுத்தினார்கள். அதில் மண்ணைப் போட்டவன் கராஜோவ். நகரத்துக்கே புத்தகம் அனுப்பும் மொத்த வியாபாரி. கடைகளுக்குக் கொடுக்கும் விலைக்கும் கீழே தன் இணையதளத்தில் விற்றான். கடைக்கு வருகிறவர்கள் பக்கம் பக்கமாகப் புரட்டி, எது நன்றாக இருக்கும் என்று அவளிடமே கேட்டு, அட்டையைப் போனில் படமெடுத்துக்கொண்டு அங்கே போய் வாங்கினார்கள். மின்நூல்மேல் அவளுக்குக் கோபமில்லை. படிக்கிறவன் எதில் படித்தால் என்ன? இது பச்சைத் துரோகம். கிறிஸ்துமஸ் வியாபாரமும் போனால் கடையைப் பூட்ட வேண்டியதுதான்.

விற்காததைத் திருப்பிக் கொடுப்பது தொழிலில் உள்ள வழக்கம். போன மாதம் அப்படிக் கொண்டுபோனபோது, கிடங்கில் சுமை தூக்கும் பென்ச்சோ ஒவ்வொரு புத்தகத்தின் மூலையையும் கட்டைவிரலால் தடவி, "மடங்கியிருக்கு, எடுத்துட்டுப் போம்மா" என்று பெட்டியையே தள்ளிவிட்டான். சரக்கு ஏற்றி இறக்கும் மேடையில் வைத்தே எல்லாவற்றையும் பார்க்க வேண்டும், பார்க்காமல் ஒன்றும் உள்ளே போகக் கூடாது என்பது கராஜோவ் போட்ட சட்டம். அன்றிலிருந்து பென்ச்சோவுக்காக நல்ல நல்ல வசவாகச் சேர்த்து வைத்திருந்தாள்.

கிடங்கு வாசலில் ரயிலடிக் கடைக்காரர், பல்கலைக்கழகத் தெருக்காரர்கள், ஆற்றங்கரைக் கடைச் சகோதரிகள் என்று எல்லோரும் வண்டியோடு நின்றார்கள். நகரத்தின் சின்னக் கடைகள் அத்தனையும் பேசி வைத்தபடி ஒரே காலையில் புத்தகங்களைத் திருப்ப வந்திருந்தன. சற்று நேரத்தில் மேடை பெட்டிகளால் அடைந்துபோனது. பண்டிகைப் பொட்டலங்களை ஏற்ற வந்த வேன்கள் ஒதுங்க இடமில்லாமல் ஹாரன் அடித்தன.

கராஜோவ் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டே இறங்கி வந்தான்.

"என்னம்மா, பண்டிகை நேரத்துல கலாட்டாவா?"

"கலாட்டா இல்லீங்க, வழக்கம். எங்ககிட்ட விக்கலை. உங்க சைட்டுலதான் அள்ளிக்கிட்டுப் போகுதாமே!"

"காலம் மாறிப்போச்சு. முடியலைன்னா மூடிட்டுப் போங்க."

"எங்களுக்குக் குடுக்கற விலைக்குக் கீழ விக்க மாட்டேன்னு இத்தனை பேர் முன்னால சொல்லுங்க. பெட்டியை இப்பவே தூக்கிக்கறோம். இல்லைன்னா உங்க புத்தகத்தை எவன் கடைக் கண்ணாடிக்குள்ள வச்சுக் காட்டறான்னு பாக்கறோம்."

அவன் சிரித்தான். "டேய் பென்ச்சோ! எல்லாத்தையும் அப்படியே உள்ள தள்ளு. வேன் கிளம்பணும்."

பென்ச்சோவைக் கண்டதும் நெவேனாவுக்கு ரத்தம் கொதித்தது. அவன் யாரையும் பார்க்கவில்லை. ஒரு பெட்டியைக் கிழித்து ஒரு புத்தகத்தை எடுத்தான். முன்னும் பின்னும் திருப்பினான். ஒரு மூலையைத் தடவினான். பிறகு அடுத்த மூலை.

"என்னடா பண்றே?"

"மூலை பாக்கறேன் முதலாளி. பாக்காம உள்ள விட்டா சம்பளத்துல பிடிப்பேன்னீங்க. போன மாசம் பிடிச்சீங்களே, மறந்துபோச்சா? இங்க யாரு சம்பளத்துலதான் பிடிக்கலை?"

மற்ற சுமைத் தொழிலாளர்களும் ஒவ்வொருவராக வந்து மேடையில் உட்கார்ந்தார்கள். "இது மடங்கின மாதிரி இருக்கே?" என்றான் ஒருவன். "வெளிச்சத்துல காட்டுடா" என்றான் இன்னொருவன். கடைக்காரர்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். கராஜோவின் முகம் கன்றிச் சிவந்தது.

"எல்லாரையும் வேலையை விட்டே தூக்கிடுவேன்!"

"முதல்ல இந்தப் பெட்டியைத் தூக்குங்க முதலாளி. கனம் தெரியட்டும்" என்றான் பென்ச்சோ.

பென்ச்சோவுக்காகச் சேர்த்து வைத்த வசவையெல்லாம் நினைக்க நெவேனாவுக்கு வெட்கமாக இருந்தது.

"சம்பளத்துல பிடிக்கறதை அன்னிக்கே ஏண்ணே சொல்லலை?" என்று அவனைக் கேட்டாள்.

"நீ எங்க கேட்டே? திட்டிட்டுல்ல போனே!"

கராஜோவ் போனில் யாரையோ கூப்பிட்டான். வாசல் காவலாளிகள் மேடையை நோக்கி ஓடி வந்தார்கள். நெவேனா தாவி ஏறி, பென்ச்சோவுக்கும் அவர்களுக்கும் நடுவில் சில்லிட்ட தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்தாள். மித்கோ ஏறினான். ஆற்றங்கரைச் சகோதரிகள் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறினார்கள். காவலாளிகள் தயங்கி நின்றார்கள். பின்னால் வேன்கள் விடாமல் அலறின. அந்தச் சத்தம் அவள் காதுக்கு இனித்தது.

பக்கத்துப் பெட்டியிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து, கராஜோவின் கண்ணைப் பார்த்துக்கொண்டே மூலையைத் தடவினாள்.

"சந்தேகமா இருக்குண்ணே. இன்னொரு தடவை பாக்கட்டா?"

"பாரும்மா, நல்லாப் பாரு. நமக்கென்ன அவசரம்?"