இரண்டாவது கேமரா

வீணா சிரித்த முகமாக வீட்டுக்கு வந்த அந்த வியாழக்கிழமையிலிருந்து சாந்தகுமாரிக்குச் சோறு இறங்கவில்லை.

வீணா எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு பெரிய அபார்ட்மென்டின் மெயின்டெனன்ஸ் ஆபீஸில் வேலை பார்க்கிறாள். அங்கே குடியிருக்கும் கவின் என்ற ஈரோட்டுப் பையன் மாதத்தில் ஒரு ஞாயிறு, மத்தியானத்தில், கிளப் ஹவுஸில் பழைய பேய்ப் படங்களைத் திரையிடுவான். இந்த மாதத்து நோட்டீஸை ஒட்டச் சொல்லி அவன் ஆபீஸில் கொடுத்தபோது வீணா அதைப் பார்த்துவிட்டாள். 'ஈரக்கூந்தல்', முதல் பாகமும் இரண்டாம் பாகமும். இதில் பேயாக வந்தது எங்க சித்திதான் என்று அவனிடம் சொல்லிவிட்டாள்.

கவின் முதலில் நம்பவில்லை. அந்தப் படங்களின் டைட்டிலில் பேய்க்குப் பெயரே கிடையாது. கதாநாயகிதான் இரண்டு வேஷமும் போட்டாள் என்று ஒரு கட்சி, இல்லை என்று ஒரு கட்சி, நெட்டில் பல வருஷமாகச் சண்டை. அன்று சாயங்காலமே பொம்மசந்திராவில் அவர்கள் வீட்டுக்கு வந்து, சாந்தகுமாரியின் நீண்ட தாடையையும் குழி விழுந்த கண்களையும் பார்த்ததும் எழுந்து நின்று கும்பிட்டான். ஞாயிற்றுக்கிழமை அவள் வந்தே ஆக வேண்டும் என்றான். மறுக்க அவள் என்னென்னவோ சொல்லிப் பார்த்தாள். வீணா விடவில்லை. இத்தனை வருஷம் கழித்து உன்னை நாலு பேர் தெரிந்துகொள்ளட்டுமே என்றாள்.

சாந்தகுமாரி அந்தப் படங்கள் எதையும் பார்த்ததில்லை. இரண்டாம் பாகத்தில் என்ன இருக்கிறது என்பது மட்டும் அவளுக்குத் தெரியும். அதில் வீணாவின் அம்மா சாகிறாள்.

வீணாவுக்கு அது தெரியாது. அவளைப் பொறுத்தவரை அம்மா அம்புஜம் வீட்டில் ஸ்டவ் வெடித்துச் செத்துப்போனவள். அப்போது வீணாவுக்கு நாலு வயது. அப்பா அதற்கு முன்பே விட்டுவிட்டுப் போயிருந்தான். பக்கத்து வீட்டில் இருந்த சாந்தகுமாரிதான் அவளை எடுத்து வளர்த்தாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்கு வீணாவைக் காட்டினாள்.

நடந்தது வேறு. முதல் பாகம் ஓடிய பிறகு, இரண்டாம் பாகத்தில் பேய்க்கு ஒரு தங்கை வேண்டும் என்றார்கள். அல்சூரில் ஒரே வரிசையில் குடியிருந்த அம்புஜத்தை அழைத்துப் போனது சாந்தகுமாரிதான். ஆனேக்கல் தாண்டி ஒரு தோப்பில் செட் போட்டார்கள். கடைசிக் காட்சியில் இரண்டு பேயும் ஒரு கொட்டகைக்குள் இருக்க, ஊர்க்காரர்கள் தீ வைக்கிறார்கள். தீ கொட்டகையின் பின்பக்கம் மட்டும்தான் பிடிக்கும் என்று சொல்லியிருந்தார்கள். காற்று திரும்பியது. அம்புஜம் கட்டியிருந்தது சட்டென்று பற்றிக்கொள்ளும் நைலக்ஸ் புடவை. மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் போய்விட்டாள்.

போலீஸ் கேட்டபோது ஸ்டவ் வெடித்தது என்று சொல்லும்படி கம்பெனி மேனேஜர் சாந்தகுமாரியிடம் வந்து நின்றார். நீதானே கூட்டிவந்தாய், கேஸ் என்று வந்தால் முதலில் உன்னைத்தான் இழுப்பார்கள் என்றார். அவளுக்கு இருபத்தாறு வயது. அவர் சொன்னபடி சொல்லிக் கையெழுத்துப் போட்டாள். அந்தக் கையெழுத்தைவிட அவளை அரித்தது வேறொன்று. அம்புஜத்தின் புடவையில் தீ ஏறிய அந்த நிமிஷத்தில் சாந்தகுமாரி ஓடிவிட்டாள். அவ்வளவுதான் அவளுக்கு ஞாபகம். திரும்பிப் பார்க்காமல் ஓடியது. பிறகு, கை முழங்கை வரை வெந்துபோய், வெளியே வேன் சக்கரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கிளப் ஹவுஸில் அறுபது பேர் இருந்தார்கள். முதல் பாகத்துக்குச் சில இடங்களில் சிரித்தார்கள். கிணற்றுப் படியில் பேய் பின்பக்கமாக ஏறி வரும் இடத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. படம் முடிந்ததும் பொன்னாடை போர்த்தி, அது எப்படி எடுத்தது என்று கேட்டார்கள். தான் படியில் இறங்கிப் போனதாகவும், படத்தைப் பின்னோக்கி ஓட்டினார்கள் என்றும் சாந்தகுமாரி சொன்னாள். முடி எப்போதும் ஈரமாகத் தெரிய விளக்கெண்ணெய் தடவினார்களாம், ஒரு வாரம் போகாதாம். எல்லாரும் கை தட்டினார்கள். வீணா போனில் வீடியோ எடுத்துக்கொண்டே இருந்தாள்.

டீ கொடுத்தபோது சாந்தகுமாரி கவினைத் தனியாகக் கூப்பிட்டு, இரண்டாம் பாகத்தில் அந்தத் தீக் காட்சி இருக்கிறதா என்று கேட்டாள்.

அவன் முகம் மலர்ந்துவிட்டது. அதற்காகத்தானே பாதிப் பேர் வந்திருக்கிறார்கள் என்றான். பழைய நெகட்டிவிலிருந்து புதிதாக எடுத்த பிரதி இது, சென்னையில் அந்த வேலை செய்யும் கம்பெனியில் அவன் நண்பன் இருக்கிறான், மூன்று பாகங்களும் அடுத்த மாதம் போனில் படம் பார்க்கும் ஒரு ஆப்பில் வரப்போகின்றன. கொட்டகையை ஒரு தடவைதான் எரிக்க முடியும் என்பதால் இரண்டு கேமரா வைத்து எடுத்திருக்கிறார்கள் என்றும் சொன்னான். "அந்தத் தங்கச்சியா வர்றவங்க நடிப்பு இருக்கே ஆன்ட்டி, இன்னிக்கும் யாராலயும் அப்படிப் பண்ண முடியாது."

அந்தக் காட்சி வேண்டாம் தம்பி என்றாள் அவள். கூச்சப்படுகிறாள் என்று நினைத்து அவன் சிரித்தான். காரணம் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. வீணாவிடம் போய்த் தலை வலிக்கிறது, வீட்டுக்குப் போகலாம் என்றாள். வீணா கைப்பையிலிருந்து மாத்திரை எடுத்துக் கொடுத்து, இன்னும் ஒரு படம்தானே என்றாள். அதற்குள் விளக்கை அணைத்துவிட்டார்கள்.

சாந்தகுமாரி வீணாவின் பக்கத்தில் உட்கார்ந்து கதவு எங்கே இருக்கிறது என்று பார்த்து வைத்துக்கொண்டாள். தீ கடைசியில்தான். அதற்குள் எப்படியாவது இவளை வெளியே அழைத்துப் போய்விட வேண்டும். ஆனால் அம்புஜம் அவள் நினைத்ததைவிட முன்னாலேயே வந்துவிட்டாள். ஒரு திருவிழாக் காட்சி. பேயாவதற்கு முன்னால், எந்த மேக்கப்பும் இல்லாமல், வளையல் கடையில் நின்று இரண்டு கைகளையும் நீட்டி வளையல் போட்டுக்கொண்டு சிரித்தாள்.

பின்வரிசையில் ஒரு பெண், இவங்க நம்ம ஆபீஸ் வீணா மாதிரியே இருக்காங்க இல்ல என்று சொன்னது நன்றாகக் கேட்டது.

வீணாவிடம் அம்மாவின் படம் ஒன்றே ஒன்றுதான் உண்டு. பாஸ்போர்ட் சைஸ். அதில் அம்புஜம் சிரிக்கக்கூட இல்லை.

"சித்தி, அது அம்மாவா?"

சாந்தகுமாரி ஆமாம் என்றாள்.

வீணா கோபப்படுவாள் என்று நினைத்தாள். வீணா அழுதாள், சந்தோஷத்தில். ஏன் சொல்லவே இல்லை, இவ்வளவு நாள் ஏன் சொல்லவே இல்லை என்று முணுமுணுத்துக்கொண்டே சித்தியின் கையைப் பிடித்துக்கொண்டாள். அம்மா நடந்தாள், திரும்பினாள், யாருக்கோ சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். குரல் வேறு யாருடையதோ. அது வீணாவுக்குத் தெரியாது. ஒவ்வொரு தடவை அம்புஜம் வரும்போதும் அவள் பிடி இறுகியது. முப்பத்தெட்டு வயதில், நினைவு தெரிந்து முதல் தடவையாக, அம்மா நடப்பதைப் பார்க்கிறாள்.

சாந்தகுமாரி வெளியே வா என்று இழுத்தாள். வீணா தலையை ஆட்டி மறுத்துவிட்டாள். இன்னொரு தடவை இழுத்தாள். இரு சித்தி, அம்மா வராங்க என்றாள் வீணா.

திரையில் தோப்பு வந்தது. கொட்டகை வந்தது. ஊர்க்காரர்கள் பந்தத்தோடு ஓடி வந்தார்கள். சாந்தகுமாரி வீணாவின் காதுக்கருகே குனிந்து, அது நடிப்பில்லை, பார்க்காதே என்றாள். வீணாவுக்குப் புரியவில்லை. அப்போது சாந்தகுமாரி எழுந்து வரிசையைத் தள்ளிக்கொண்டு போய்த் திரைக்கு முன்னால் நின்று, நிறுத்துங்க என்றாள். சிலர் இதுவும் நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று நினைத்துக் கை தட்டினார்கள். கவின் படத்தை நிறுத்துவதற்கு ரிமோட்டைத் தேடினான். அது கிடைக்கும்வரை படம் ஓடிக்கொண்டிருந்தது. சாந்தகுமாரி திரும்பிப் பார்த்தாள். அவளும் பார்க்க வேண்டியதாகிவிட்டது.

கேமரா கொட்டகையின் வலது மூலையில், தட்டியில் விட்ட ஓட்டை வழியாக உள்ளே பார்த்தது. அம்புஜத்தின் முந்தானையில் தீ ஏறியது. பக்கத்தில் நின்ற பேய் அதைப் பார்த்தது. பார்த்துவிட்டுத் திரையின் ஓரமாக ஓடி மறைந்தது. பிறகு அம்புஜம் மட்டும்தான் இருந்தாள். அவள் வாயைத் திறந்து ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொன்னாள். சத்தத்துக்குப் பதில் வயலின் போட்டிருந்தார்கள். உதட்டைப் பார்த்தால் தெரிந்தது. சாந்தா, சாந்தா.

படம் நின்றது. விளக்குப் போட்டார்கள்.

வெளியே நீச்சல் குளத்துக்குப் பக்கத்தில் இருந்த சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்து சாந்தகுமாரி எல்லாவற்றையும் சொன்னாள். அழைத்துப் போனது, மேனேஜர், ஸ்டவ், கையெழுத்து. முடிவில் வீணா ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அம்மா உன்னைக் கூப்பிட்டாங்களே. நீ எங்க போனே?"

"ஓடிட்டேன்."

வீணா எழுந்து ஆட்டோ பிடித்துத் தனியாகப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு ஒன்பது நாள் அந்த வீட்டில் பேச்சு இல்லை. வீணா சமைத்து மூடி வைத்துவிட்டு வேலைக்குப் போனாள். வந்ததும் உள்ளறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். சாந்தகுமாரி துணிகளை ஒரு பையில் மடித்து வைத்தாள். போக இடமில்லை என்பதால் அதைக் கட்டிலுக்கடியில் தள்ளினாள். வீணா போ என்று சொல்வாள் என்று ஒவ்வொரு சாயங்காலமும் எதிர்பார்த்தாள். சொல்லவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது.

பத்தாம் நாள் வீணா கவினோடு வந்தாள். அவன் கையில் லேப்டாப். அவன் சாந்தகுமாரியின் முகத்தைப் பார்க்கவே கூசினான். அவன் தலையைக் குனிந்துகொண்டு சொன்னது இது: அன்றைக்குப் பிறகு அவன் மூன்றாம் பாகத்தைப் போட்டுப் பார்த்திருக்கிறான். சாந்தகுமாரி இல்லாமல் இரண்டு வருஷம் கழித்து எடுத்த படம். யாரும் விரும்பாத படம். அதில் பழைய கதையைச் சொல்ல அதே தீக் காட்சியைச் சேர்த்திருந்தார்கள். ஆனால் இரண்டாம் பாகத்தில் பயன்படுத்தாத அந்த இன்னொரு கேமராவிலிருந்து.

தான் பார்த்துவிட்டதாக வீணா சொன்னாள். ஆபீஸில் உட்கார்ந்து பார்த்தாளாம். நீயும் பார்க்கணும் என்றாள்.

சாந்தகுமாரி மாட்டேன் என்றாள். ஒரு தடவை பார்த்தது போதும் என்றாள். வீணா அவள் தோளைப் பிடித்து உட்கார வைத்தாள். அந்தப் பிடியில் கோபமா வேறெதுவுமா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. கவின் படத்தை ஓடவிட்டான்.

இந்தக் கேமரா பின்னால் தள்ளி வேறொரு ஓட்டையில், கொட்டகைக் கதவு தெரியும்படி இருந்தது. முந்தானையில் தீ ஏறியது. சாந்தகுமாரி ஓடினாள். நேரே கதவுக்கு. கதவு திறக்கவில்லை. தோளால் மோதினாள். மறுபடி மோதினாள். மூன்றாம் தடவை கதவு வெளிப்பக்கமாகப் பிய்ந்துகொண்டு போக, அவளும் அதோடு விழுந்தாள். அம்புஜம் சுற்றிச் சுற்றி வந்தாள். கவின் எண்ணியிருக்கிறான், ஆறு நொடி. ஏழாவது நொடியில் தண்ணீர் சொட்டும் ஒரு கோணிச் சாக்கோடு சாந்தகுமாரி கதவு வழியாகத் திரும்ப வந்து, அம்புஜத்தின் மேல் விழுந்து, இருவருமாக உருண்டார்கள். அங்கே வெட்டியிருந்தார்கள்.

சாந்தகுமாரி இன்னொரு தடவை போடச் சொன்னாள். பிறகு இன்னொரு தடவை. அந்தச் சாக்கு அவள் ஞாபகத்தில் இல்லவே இல்லை. தீயை யார் அணைத்தது என்று கேட்டிருந்தால் லைட்மேன் என்றுதான் சொல்லியிருப்பாள். கையில் முழங்கை வரை இருக்கும் தீத்தழும்பு கொட்டகையிலிருந்து வெளியே ஓடும்போது வந்தது என்று இத்தனை வருஷமாக நம்பியிருந்தாள்.

"கதவை யாரோ வெளியே தாழ் போட்டிருக்காங்க" என்றாள் வீணா. "ஷாட் முடியறதுக்குள்ள நீங்க ரெண்டு பேரும் ஓடிடக் கூடாதுன்னு."

சாந்தகுமாரி அழ ஆரம்பித்தாள். வீணா அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள், தொடவில்லை.

"நீ ஓடினேன்னு நான் கோவப்படல சித்தி. யாரா இருந்தாலும் ஓடுவாங்க. ஸ்டவ்வுனு சொன்னியே. எங்கம்மா ஏதோ ஜாக்கிரதையில்லாம செத்துட்டான்னுதான் நான் வளர்ந்தேன். இன்னிக்கு வரைக்கும் வீட்ல கேஸ் பத்த வைக்கும்போதெல்லாம் அவளைத் திட்டியிருக்கேன்."

சாந்தகுமாரி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நான் சொன்னதை நானே போய் மாத்திச் சொல்றேன் என்றாள்.

தீக் காட்சியை வெளியிட வேண்டாம் என்று கவின் சென்னை நண்பனிடம் பேசினான். படத்தை ஆப்பில் போடவிருந்தவர்கள் முதலில் மழுப்பினார்கள். பிறகு, போலீஸில் எழுத்து மூலமாக ஏதாவது இருந்தால் நிறுத்தி வைக்கிறோம் என்றார்கள்.

அடுத்த திங்கட்கிழமை காலை மூவரும் ஆனேக்கல் பஸ் ஏறினார்கள். ஸ்டேஷனில் மஞ்சுநாத் என்ற எஸ்.ஐ. பொறுமையாகத்தான் கேட்டார். மேனேஜர் இருக்கிறாரா என்றார். செத்துப் பதினைந்து வருஷம் ஆகிறது. டைரக்டர்? அவரும் இல்லை. அப்படியானால் இதில் யாரைப் பிடிப்பது, பொய் சொன்னதற்கு உங்களைத்தான் கேள்வி கேட்க முடியும், யோசித்துக்கொள்ளுங்கள் அம்மா என்று கன்னடத்தில் சொன்னார். முப்பத்துநான்கு வருஷத்துக்கு முன்னால் மேனேஜர் சொன்னதும் கிட்டத்தட்ட இதுதான். வீணா பக்கத்தில் உட்கார்ந்து அவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கேளுங்க சார், சொல்றேன்" என்றாள் சாந்தகுமாரி.

ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. தோப்பு எங்கே, கொட்டகை எந்தப் பக்கம், கதவு எத்தனை தடவை. ரைட்டர் எழுதி முடித்துக் கன்னடத்தில் படித்துக் காட்டினார். இறந்தவர் பெயர் அம்புஜா என்று எழுதியிருந்தது. வீணா நிறுத்தச் சொன்னாள். அம்புஜம் என்று திருத்தி எழுதித் தரும்படி கேட்டாள். அவர் அலுத்துக்கொண்டே அந்தத் தாளை எடுத்துவிட்டு வேறு தாள் எடுத்தார்.